மாமன் இல்லாமல் வந்த சீர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு ரயில் பைத்தியம். எல்லா ரயிலும் அல்ல, இரண்டே இரண்டு வகை. ஒன்று, ஆளைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கிப் போடும் ரோலர் கோஸ்டர். மற்றது, ஓட்டுநரே இல்லாமல் தானாகக் கிளம்பி, தானாக நின்று, தானாகக் கதவைத் திறந்துவிடும் நகரத்து ரயில். முன்னதில் உயிர் போய்விடும் போல இருக்கும், போகாது. பின்னதில் எதுவுமே நடப்பதில்லை, அதுதான் அதன் அழகு. இரண்டிலும் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: முதல் பெட்டி, முன் இருக்கை.

(இதற்கு மருந்து இருக்கிறதா என்று என் அம்மா ஒரு டாக்டரிடம் உண்மையாகவே கேட்டிருக்கிறார். சளிக்குப் போன இடத்தில்.)

புதுக்கோட்டையில் பொருட்காட்சி போட்டால் அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு டிராகன் ரயில் சுற்றும். இருபத்தைந்து வயதில், முழங்கால் காதைத் தொட, அதன் தலைப் பெட்டியில் நான் உட்கார்ந்திருப்பேன். டிக்கெட் கிழிப்பவர் ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு, "சார், கொழந்த எங்க?" என்று கேட்டார். "நான்தாண்ணே" என்றேன். அவர் என் இடுப்புச் சங்கிலியைக் கொஞ்சம் இறுக்கமாக மாட்டினார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒருமுறை பத்து நாள் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அதில் மூன்று நாளை ஆளில்லா ரயிலின் முன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டே கழித்தேன். ஓட்டுநர் அறையே இல்லாததால் தண்டவாளம் நேராக நம் மேலேயே வரும். சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஏண்டா, இதுக்கா பிளேன் ஏறி வந்த? ஆலங்குடி பஸ்ஸுல முன்னாடி சீட்டுல ஒக்காந்தாலும் ரோடு தெரியுமேடா" என்றார். அவருக்குப் புரியவைக்க நான் முயற்சி செய்யவில்லை. ஆலங்குடி பஸ்ஸில் டிரைவர் இருக்கிறார் அல்லவா?

இந்தப் பைத்தியம் என்னோடு இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. அதை என் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கூட்டிப்போனதுதான் தப்பு.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பிறகு குழந்தையை அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாமனுக்கு வேறு வேலையே இல்லை. கொண்டு வா, உட்கார். அவ்வளவுதான். நான் இரண்டிலும் சொதப்பினேன்.

நாங்கள் கீரமங்கலத்துக்காரர்கள். என் அக்கா கவிதாவை இலுப்பூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்பா இல்லை. மாமன் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருத்தன்தான். அக்காவின் ஓரகத்திக்கு, அதாவது மச்சானுடைய அண்ணன் மனைவிக்கு, நான்கு அண்ணன் தம்பிகள். அவள் மகனுக்குக் காது குத்தியபோது அந்த நான்கு பேரும் பத்து மாட்டுவண்டியில், மேளம் வெடியோடு சீர் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதை அளந்தாலும் பத்து வண்டியில் வைத்துத்தான் அளந்தார்கள். அக்காவின் மாமியார் நேராக எதுவும் சொல்ல மாட்டார். "ம்ம், ஒனக்கு ஒரு தம்பிதானே ஆத்தா, பாவம்" என்று மட்டும் சொல்வார். அந்தப் 'பாவம்' அக்காவை அறுத்தது.

அக்கா பெற்ற என் மருமகள் யாழினிக்கு மூன்று வயதானபோது தேதி குறித்தார்கள். அக்கா போன் செய்தாள்.

"டேய் பிரபு, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எனக்குப் பத்து வண்டியும் வேணாம், பன்னெண்டு வண்டியும் வேணாம். எல்லாரையும் மாதிரி தட்டத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வா. அது போதும்."

"சரிக்கா."

"வித்தை கித்தை காட்ட மாட்டியே?"

"ஏங்க்கா, நான் என்ன சின்னப் புள்ளையா?"

இதைச் சொல்லும்போது என் எதிரே கணினித் திரையில் மூன்று பெட்டி ரயில் ஒன்றின் வரைபடம் இருந்தது. பத்து வண்டிக்குப் பதிலாக ஒரே வண்டி. ஆனால் ஓட்ட ஆள் இல்லாத வண்டி. இதற்கு முன் எந்த மாமனாவது ஆளில்லா ரயிலில் சீர் கொண்டுவந்திருப்பானா? அக்காவுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்காக என்றால் நடந்து போயிருக்கலாமே என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கு நன்றாகத் தோன்றுகிறது.

ஆலங்குடியில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் மூர்த்தி அண்ணன் பட்டறையில் வேலை தொடங்கியது. தண்டவாளத்துக்கு இரும்பு ஆங்கிள். சக்கரத்துக்கு, வீட்டு வாசலில் தள்ளித் திறக்கிற கேட்டுக்குப் போடும் சக்கரம். மோட்டார், செத்துப்போன ஒரு பேட்டரி ஸ்கூட்டரிலிருந்து பிடுங்கியது. மூளை மட்டும் என்னுடையது (இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்).

ரயிலின் நெற்றியில் இரண்டு வட்டக் கண்கள் கொண்ட ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினேன். ஒரு கண் நம் காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்றை அனுப்பும். மற்ற கண் அதன் எதிரொலிக்காகக் காத்திருக்கும். எதிரொலி வந்தால் எதிரே ஏதோ இருக்கிறது, நில். எதிரொலி வரவில்லையென்றால் பாதை காலி, போ. இப்படித்தான் நான் எழுதிவைத்திருந்தேன். நிஜமான ஆளில்லா ரயில் சந்தேகம் வந்தால் நின்றுவிடும். என் ரயில் சந்தேகம் வந்தால் ஓடும். பெற்றவனைப் போலத்தான் பிள்ளையும்.

மூர்த்தி அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, தண்டவாளம் முடியிற எடத்துல ஒரு தடுப்புக் கட்டை வச்சுருவமா? நின்னு தொலையாட்டி என்ன பண்றது?" என்று கேட்டார்.

"தானா நிக்கும்ணே. எதுத்தாப்புல ஆள் நின்னா ஒரு மொழத்துக்கு முன்னாடியே நின்னுரும். கட்டை வச்சா பாக்க அசிங்கமா இருக்கும்."

"சரி, பிரேக்கு எங்கிட்டு இருக்கு?"

"மோட்டார் நின்னா வண்டி நிக்கும். அப்புறம் பிரேக்கு எதுக்கு?"

"நான் கேட்டு செய்யிறவன் தம்பி. எங்கயும் ஓடாத கேட்டுக்கே கட்டை வைப்போம், இல்லாட்டி அது ரோட்டுக்குப் போயிரும். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அக்கா வீட்டுக் குலசாமி கோயில் ஒரு கண்மாய்க்குக் கீழே இருக்கிறது. சாலை கண்மாய்க் கரை மேலே. கரையிலிருந்து கோயில் வாசலுக்கு நல்ல சரிவு. அந்தச் சரிவைப் பார்த்ததும் எனக்குள் இருந்த இரண்டாவது பைத்தியமும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. தண்டவாளத்தின் நடுவில் ஒரு சின்ன மேடு வைத்தேன். ரோலர் கோஸ்டரில் மேடு தாண்டும்போது வயிறு ஒரு நொடி மேலேயே தங்கிவிட்டு வருமே, அந்தச் சுகம் சீருக்கும் கிடைக்கட்டும் என்று. முதல் நாள் மதியம் 'குட்டியானை' மினி லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிவந்து பொருத்தி, ஓட்டியும் பார்த்தோம். கீழே எதிரே நின்ற மூர்த்தி அண்ணன் வயிற்றுக்குச் சரியாக ஒரு முழம் முன்னால் ரயில் நின்றது. அவர் அதைக் கும்பிட்டார்.

மறுநாள் காலை. கரை மேலே ரயில், அதன் மூன்று பெட்டியிலும் சீர். முதல் பெட்டியில் எனக்கு ஒரு பலகை இருக்கை, அதன் மேல் யாழினிக்கான தோட்டுப் பெட்டி வைத்த வெள்ளித் தட்டு. நான் கிளம்பும்போது அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வதாகத் திட்டம். நடுப் பெட்டியில் பழம், தேங்காய், லட்டு, பட்டுப்பாவாடை. கடைசிப் பெட்டியில் மாலை போட்ட கிடாய். கிடாயை நடத்திக் கூட்டிவரலாம் என்று மூர்த்தி அண்ணன் சொன்னார். ஆளில்லா ரயிலுக்குப் பயணி வேண்டாமா?

நான் பேட்டரி வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா தன் வேலையைச் செய்துவிட்டார். புது வண்டி ஒன்று முதன்முதலாகக் கிளம்பும்போது எந்தத் தாயும் செய்கிற வேலைதான் அது. மாலை போட்டார். சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பாருடா, இப்பத்தான் வண்டிக்கே ஒரு களை வந்துருக்கு."

உண்மையிலேயே அழகாக இருந்தது. முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இடது பக்கம் நான், பல் தெரிய. வலது பக்கம் ரயில். அதன் இரண்டு கண்களையும் அப்பி மூடியபடி, ஒவ்வொன்றிலும் ஓர் அங்குல கனத்தில் சந்தனம். அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. முகத்தில் இரண்டு வட்டம் இருந்தால் அங்கேதான் பொட்டு வைப்பார்கள். பார்த்துப் பல்லைக் காட்டியவன் நான்.

முன் பலகையில் கைப்பேசியை மாட்டினேன். ரயிலை இயக்குவதும் அதுதான், முன் இருக்கைக் காட்சியைப் படம் பிடிக்கப்போவதும் அதுதான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பதிவை ஓடவிட்டு, கிளப்பும் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் முனகியது. ரயில் அசையவில்லை.

"எலுமிச்சம்பழம் தம்பி" என்றார் மூர்த்தி அண்ணன். "எடுத்துருவமா?"

"எடுக்காதீங்க, சகுனத் தடை!" என்று அம்மா கத்தினார். "நசுக்கிட்டுத்தான் போவணும்."

நசுக்கத்தானே வேண்டும்? வேகத்தை முழுக்க ஏற்றி, தட்டை இருக்கையில் வைத்துவிட்டு, இறங்கிப் பின்னால் போய் நானும் மூர்த்தி அண்ணனும் தோள் கொடுத்துத் தள்ளினோம். கிடாய் எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. 'பொதக்' என்று பழம் நசுங்கியது.

ரயில் போய்விட்டது.

தள்ளிய வேகத்தில் நாங்கள் இருவரும் தரையில் கிடந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தால் என் முன் இருக்கை நான் இல்லாமல் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நிறுத்தும் பொத்தான் இருந்தது, இல்லாமல் இல்லை. கைப்பேசிக்குள் இருந்தது. கைப்பேசி ரயிலில் இருந்தது. எழுந்து குறுக்கே ஓடினால் மடக்கிவிடலாம் என்று கரையின் பக்கவாட்டில் இறங்கினேன். நாலாவது எட்டில் கால் இடறி, உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போய் ஒரு சீமைக் கருவேலம் புதருக்குள் விழுந்தேன். என் வாழ்க்கையில் நான் பண்ணிய சரிவுப் பயணங்களில் பாதுகாப்புப் பட்டை இல்லாதது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கீழே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் வீடியோ இருக்கிறது. சரியாக அரை நிமிஷம். எங்கள் சொந்தத்தில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை.

முதலில் கோயில் வாசல் வேகமாகப் பெரிதாகிறது. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இரண்டு பக்கமும் ஒதுங்குகிறார்கள். நடு மேட்டில் கேமரா ஒருமுறை வானத்தைப் பார்க்கிறது. (அந்த நொடியில் லட்டெல்லாம் தட்டைவிட்டு மேலே எழும்பியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நான் விரும்பிய சுகம் லட்டுக்குக் கிடைத்தது.) தண்டவாளம் முடியும் இடத்தில் அக்காவின் மாமியார் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். உலகத்தில் எந்தச் சீரும் ஆரத்திக்கு முன்னால் நின்றுதான் ஆகவேண்டும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில். பிறகு அந்த நம்பிக்கை போகிறது. அவர் அலறவில்லை. தட்டைச் சாய்க்காமல் ஓர் எட்டு தள்ளி நின்றுகொள்கிறார். குரல் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது: "அடி, இது நிக்காது போலருக்கே."

தடுப்புக் கட்டை இல்லாத தண்டவாளத்தை விட்டு இறங்கிய ரயில், மண்ணில் கொஞ்ச தூரம் உழுது, சமையல்காரர்கள் உரித்து வைத்திருந்த வெங்காயக் குவியலில் முகத்தைப் புதைத்து நின்றது. அதற்குப் பிறகு வீடியோவில் வெங்காயம் மட்டும்தான். குரல்கள் மட்டும் கேட்கும். முதலில் கிடாய் ஒருமுறை கத்துகிறது. பிறகு மாமியாரின் குரல்.

"கவிதா, சீரு வந்துருச்சு. மாமன் எங்கடி?"



நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கூட்டமே வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. தோட்டுப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே தோடு இல்லை. காது குத்தும் ஆசாரி ஊசியோடு ஒரு பக்கம் காத்திருக்கிறார், நல்ல நேரம் இன்னும் கால் மணி நேரம்தான். தேடுகிற எல்லோர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயத்தாலா, வருத்தத்தாலா என்று சொல்ல முடியாது. அக்கா மட்டும் தேடவில்லை. யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அப்போது கரையிலிருந்து அம்மா நிதானமாக இறங்கி வந்து சேர்ந்தார்.

"என்ன தேடுறீங்க எல்லாரும்?"

"தோட்டக் காணோம்மா!" என்றேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம். அதற்குள் இரண்டு தோடு.

"ஒன்னைய நம்பி நான் தோட்டக் குடுப்பேனாடா?"

காலையில் என் இருக்கையில் நான் வைத்தது காலிப் பெட்டி. இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் அம்மா எடுத்திருந்த முன்னெச்சரிக்கை. அந்த ரயிலில் இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடும் அதுதான்.

தோடு வந்துவிட்டது. இனி மடி வேண்டும். பலகை போட்டார்கள். நான் பலகையைப் பார்த்தேன். எனக்கு உட்காரும் இடம் முழுக்கப் புதரில் குத்திய முள். கருவேல முள் எவ்வளவு நீளம் என்று எங்கள் பக்கத்து ஆடுமாடுகளுக்குத் தெரியும்.

"என்ன தம்பி, ஒக்காருங்க" என்றார் ஆசாரி.

"முள்ளுங்க... கொஞ்ச நேரம்..."

"நேரம் இல்லிங்களே."

ஓரகத்தியின் மூத்த அண்ணன் செல்வராசு முன்னால் வந்தார். பத்து வண்டிக்காரர். நல்ல மனுஷர், அன்றைக்கும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். "தங்கச்சி, நானும் முறைக்கு மாமன்தான். தம்பிக்கு முடியலன்னா புள்ளய நான் மடியில வச்சுக்கிறேன்."

யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மாமியார் அக்காவைப் பார்த்தார். அந்தப் 'பாவம்' அவர் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. பத்து வண்டி வீட்டு மாமனே என் மருமகளுக்கும் மாமனாகிவிட்டால், அந்த வீட்டில் அக்கா ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. அதற்கு வழி போட்டுக் கொடுத்தது, அவள் பெருமைக்காக என்று நான் போட்ட தண்டவாளம்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். என்னிடம் பேசவில்லை, செல்வராசுவிடம் பேசினாள். "இல்லண்ணே. எந்தம்பி ஒக்காருவான்."

உட்கார்ந்தேன்.

அதற்குமேல் அந்த நிமிஷத்தை வர்ணிக்க விரும்பவில்லை. யாழினியை என் மடியில் வைத்தார்கள். மூன்று வயதுக் குழந்தையின் எடை இவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. ஆசாரி வலது காதில் குத்தினார். சுற்றியிருந்தவர்கள் குழந்தை அழப்போகிறது என்று கிலுகிலுப்பையும் மிட்டாயுமாகத் தயாராக இருந்தார்கள். குழந்தை துள்ளியது. அந்தத் துள்ளல் மொத்தமும் என் முள்ளில் இறங்கியது. "ஆத்தாடீ!" என்று கோயிலே அதிர நான் கத்தினேன். யாழினி அழ மறந்து, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். இடது காதில் குத்தும்போது அவளே எனக்கு மிட்டாயை நீட்டினாள்.

புகைப்படக்காரர் சரியாக அந்த நொடியில் எடுத்த படம்தான் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மடியில் குழந்தை, வாயெல்லாம் சிரிப்பு. பின்னால் மாமன், கண்ணெல்லாம் தண்ணீர். புதிதாக வருகிறவர்கள், "யாருக்குக் காது குத்துனது?" என்று தவறாமல் கேட்கிறார்கள்.

அன்றைக்கு ரயிலில் வந்த கிடாயை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அது அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. சாப்பாட்டில் வெங்காயம் கொஞ்சம் மண்ணாக இருந்ததாகச் சொன்னார்கள். நான் குப்புறப் படுத்துக்கொண்டு சாப்பிட்டதால் அதைக் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் அக்கா முள் எடுக்க டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் பதினேழாவது முள்ளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது, "நடந்து வாடான்னு சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். டாக்டர் ஆடாமல் இருக்கச் சொன்னார்.

பத்து வண்டிக் கதை அந்த வீட்டில் அன்றோடு முடிந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். இப்போது யாரும் பத்து வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. அதைவிட நல்ல கதை கிடைத்துவிட்டதே. சொந்தத்தில் எந்த விசேஷத்தில் சீர் வந்து இறங்கினாலும் அக்காவின் மாமியார் தட்டையோ நகையையோ பார்ப்பதில்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, "ஆளும் வந்துருக்கா, இல்ல சீரு மட்டுந்தான் வந்துருக்கா?" என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். தெரியாதவர்களுக்கு உடனே யாராவது வீடியோவை எடுத்துக் காட்டுவார்கள்.

நான்கு வருஷம் கழித்து, போன தை மாதம் அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு அதே கோயிலில் காது குத்தினார்கள். இந்த முறை தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கரையிலிருந்து கோயில் வாசல் வரை, ஓர் எட்டுக்கூட அவசரப்படாமல் நடந்து வந்தேன். ஆரத்தித் தட்டுக்குச் சரியாக ஒரு முழம் முன்னால் நின்றேன். மாமியார் ஆரத்தியைச் சுற்றாமல், என் தோளுக்கு மேலே கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னத்த பாக்குறீங்க அத்தை?"

"இல்ல தம்பி" என்றார் அவர். குரலில் ஏமாற்றம் இருந்தது, சத்தியமாக இருந்தது. "ஆளு மட்டுந்தான் வந்துருக்கா?"